சீலிங்கில் ஒன்றுமில்லை என்று நான் கையெழுத்துப் போட்ட வீடு

"அண்ணே, உங்க ரிப்போர்ட்டுக்கு ரொம்ப தேங்க்ஸ். அதக் காட்டித்தான் அம்மாவ ஒத்துக்க வச்சேன்."

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், ஃபெடரல் ஹைவே ஜாமில் வேனோடு நின்றுகொண்டிருந்தபோது இந்த நன்றி எனக்கு வந்தது. பேசியவர் குமரன். ஜொகூரில் குடியிருந்து தினமும் சிங்கப்பூருக்குப் போய் வேலை செய்கிறவர். அவருடைய அம்மா கிள்ளானில் ஒரு பழைய வீடமைப்புத் தாமானில் தனியாக இருந்தார். மூன்று வாரத்துக்கு முன் அந்த அம்மா வீட்டுச் சீலிங்கைப் பார்த்துவிட்டு, மேலே ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்தவன் நான்.

"எதுக்கு ஒத்துக்க வச்சீங்க?" என்றேன்.

"ஹோமுக்குப் போறதுக்குத்தான்ணே. காப்பார் பக்கம் ஒரு முதியோர் இல்லம். சனிக்கிழமை கொண்டுபோய் விடறேன். சீலிங்ல யாரோ நடக்குறாங்க, யாரோ சமைக்கிறாங்கன்னு தெனமும் போன் லா. டாக்டர்கிட்ட காட்டினேன். மேல ஒன்னும் இல்லன்னா, வயசுக் கோளாறா இருக்கலாம்னாரு. ஒருநாள் அடுப்ப அணைக்காம பாசாருக்குப் போயிட்டாங்க. எனக்கு வேற வழி தெரியல."

போனை வைத்துவிட்டேன். முன்னால் நின்ற லோரி நகர்ந்ததுகூடத் தெரியவில்லை. பின்னால் ஹாரன் காதைக் கிழித்தது. 

1. பத்து நிமிட வேலை

இந்தத் தொழிலில் எனக்கு இருபத்தாறு வருஷம். வீட்டுக்குள் நுழையும் உயிர்களைப் பிடிப்பது, மறுபடி நுழையாமல் அடைப்பது, இதுதான் வேலை. கழிவறைக்குள் பாம்பு, கார் இன்ஜினுக்குள் குரங்குக் குட்டி, கல்யாண மண்டபக் கிச்சனில் உடும்பு என்று எல்லாம் பார்த்தாகிவிட்டது. பார்த்தாகிவிட்டது என்ற திமிர்தான் என்னைக் கெடுத்தது.

குமரன் முதல் தடவை போன் செய்தபோதே சொன்ன முறை வேறு. "அண்ணே, ஒன்னும் இருக்காதுன்னு நெனைக்கிறேன். அம்மா மனசு ஆறணும், சும்மா ஒருவாட்டி ஏறிப் பாருங்க" என்றார். அந்த 'சும்மா'வை மண்டையில் ஏற்றிக்கொண்டுதான் போனேன். அன்று வெள்ளிக்கிழமை வேறு. பிரிக்பீல்ட்ஸில் ஒரு சேலைக் கடை ஸ்டோருக்குள் மலைப்பாம்பு புகுந்து, கடைக்காரர் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை போனில் கத்திக்கொண்டிருந்தார்.

அந்த அம்மா வாசலிலேயே காத்திருந்தார். எழுபத்திரண்டு வயது, ஒல்லியான உடம்பு, இஸ்திரி போட்ட கவுன். கையில் ஒரு பள்ளிக்கூட நோட்டு. "தம்பி, இதுல எல்லாம் எழுதி வச்சிருக்கேன், மொதல்ல படிச்சிருங்க" என்றார். "இருக்கட்டும் ஆன்டி, பாத்துக்கலாம்" என்று நோட்டை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டேன்.

ஏணி போட்டு, சீலிங் மூடியைத் தள்ளி, தலையை மட்டும் உள்ளே விட்டு டார்ச் அடித்தேன். எச்சம் இல்லை. கூடு இல்லை. கூரை ஓரத்தில் ஓட்டை இல்லை. இறங்கிவிட்டேன். ரிப்போர்ட்டில் 'விலங்கு எதுவும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, குமரனுக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். மொத்தம் பத்து நிமிடம். தலையை மட்டும் விட்டுப் பார்ப்பதற்குப் பெயர் சோதனை இல்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும்தான் செய்தேன்.

2. "இப்ப ஒன்னும் கேக்கல, தம்பி"

குமரன் போன் செய்த மறுநாள், புதன்கிழமை, யாரிடமும் சொல்லாமல் அந்த வீட்டுக்குப் போனேன். வாசலில் இறங்கியதும் பக்கத்து வீட்டு அங்கிள், "மிஸி வீட்டுக்கா?" என்றார். அந்த அம்மா முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸ். பேர் தனலெட்சுமி. ஆனால் இங்கே நர்ஸை மிஸி என்பதால் அந்த வீட்டு வரிசையில் எல்லாருக்கும் அவர் மிஸிதான். எனக்கு அதுகூட அன்றைக்குத்தான் தெரியும்.

ஹாலில் இரண்டு பெட்டி கட்டி வைத்திருந்தது. சுவரில் இருந்த வீட்டுக்காரர் படத்தைக் கழற்றி பேப்பரில் சுற்றி வைத்திருந்தார்.

"ஆன்டி, மேல இன்னொரு தடவ பாக்கணும்."

"எதுக்கு தம்பி? இப்ப ஒன்னும் கேக்கல. நான் நல்லாத்தான் இருக்கேன்."

சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. பொய் சொல்லிப் பழக்கம் இல்லாத மனுஷி என்று பார்த்தவுடனேயே தெரிந்தது.

"அந்த நோட்டு எங்க ஆன்டி?"

"தூக்கிப் போட்டுட்டேன்."

நான் நகரவில்லை.  அவர் குனிந்து, கட்டி வைத்த பெட்டி ஒன்றைத் திறந்து, துணிகளுக்கு அடியிலிருந்து அந்த நோட்டை எடுத்து நீட்டினார்.

அட, அது நோட்டா! வார்டில் நோயாளியின் கட்டிலில் மாட்டியிருக்கும் சார்ட் மாதிரி கோடு போட்டு, தேதி, நேரம், குறிப்பு என்று மூன்று கட்டம். எழுத்து முத்து முத்தாக இருந்தது. 'மாலை 7.20. நாலு கால். லேசான உடம்பு. இடது சுவரிலிருந்து வலது சுவருக்கு.' 'காலை 5.45. வலமிருந்து இடம். திரும்பிப் போகிறது.' 'பலத்த மழை. சத்தம் இல்லை.' அப்படியே பக்கம் பக்கமாக. நடுவில் ஒரு வரி அடிக்கடி வந்தது: 'பாண்டான் இலை போட்டுச் சோறு ஆக்கும் வாசம்.'

தலையில் அடித்துக்கொண்டேன். மூசாங் எங்கே நடமாடுகிறதோ அங்கே பாண்டான் வாசம் வரும். மூசாங்கைத் தமிழில் மரநாய் என்பார்கள். இந்த வட்டாரத்தில் பழைய வீட்டுக் கூரைகளில் குடியேறுவதில் அதற்கு நிகர் வேறு எதுவும் இல்லை. இந்தத் தொழிலில் ஒரு வருஷம் இருந்தவனுக்குக்கூடத் தெரிந்த விஷயம் இது. அந்த அம்மா மகனிடம் சொன்னது, சோறு ஆக்குகிற வாசம் வருகிறது என்று. மகன் காதில் விழுந்தது, சீலிங்கில் யாரோ சமைக்கிறார்கள் என்று. என் காதில் ஒன்றும் விழவில்லை, ஏனென்றால் நான் கேட்கவே இல்லை.

3. சல்லடை

மறுநாள் வியாழக்கிழமை சாயங்காலம் முழு உடம்பையும் சீலிங்குக்குள் நுழைத்தேன். என் தொப்பைக்கு அது லேசான காரியம் இல்லை. கட்டைமேல் தவழ்ந்து இடது சுவர் வரைக்கும் போனேன். அங்கேதான் விஷயம் இருந்தது. அந்தக் காலத்து வரிசை வீடுகளில் இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரைக் கூரைவரைக்கும் எழுப்பாமல் விட்டிருப்பார்கள். சுவருக்கும் கூரைக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி. வலது பக்கமும் அதே கதை. ஒரு வீட்டுக்குள் ஏறினால் மொத்த வரிசைக்கும் போகலாம்.

மிஸியின் சீலிங் அந்த மூசாங்குக்கு வீடே இல்லை. ரோடு. ரோட்டில் யாராவது கூடு கட்டுவார்களா? அதனால்தான் எச்சமும் இல்லை, கூடும் இல்லை.

ஆனால் நான் நினைப்பது போதாது. டாக்டர்வரை போன விஷயத்துக்குக் கண்ணால் பார்க்கிற அத்தாட்சி வேண்டும். கீழே எட்டிப் பார்த்து, "ஆன்டி, கோதுமை மாவும் சல்லடையும் இருக்கா?" என்றேன்.

"எதுக்கு தம்பி, மேலேயே சப்பாத்தி போடப் போறீங்களா?"

அந்த வீட்டில் நான் கேட்ட முதல் கேலி அது. சல்லடையை நீட்டிவிட்டு, நான் இறங்கும்வரை ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு சுவர் ஓரமும் கட்டைமேல் மாவைச் சலித்துவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஏறினேன். மாவில் வரிசையாகத் தடம். போன தடம் ஒன்று, வந்த தடம் ஒன்று. பூனையாக இருந்தால் நாலு விரல்தான் பதியும். இதில் அச்சு குத்தியதுபோல் ஐந்து. போனில் படம் எடுத்துக்கொண்டு இறங்கி, அவர் கையில் கொடுத்தேன்.

"மூசாங், ஆன்டி. நீங்க எழுதினது அத்தனையும் சரி. நான்தான் ஒழுங்கா பாக்கல. என்னை மன்னிச்சிருங்க."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்ப எனக்கு ஒன்னும் இல்லல்ல தம்பி?"

"ஒன்னும் இல்ல ஆன்டி."

"ரெண்டு வாரமா சத்தம் கேட்டாலும் கேக்கலன்னு சொன்னேன். மகன்கிட்ட மட்டும் இல்ல, எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். நேத்து வாசம் வந்தப்போ மூக்கப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தேன்."

சொல்லிவிட்டு அழுதார். எத்தனை பேர் சாவைப் பக்கத்தில் இருந்து பார்த்த நர்ஸ், தன் காதையும் மூக்கையும் நம்பமுடியாமல் போன இரண்டு வாரத்துக்காக அழுதார். எனக்கும் அடக்க முடியவில்லை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துச் சமாளித்தேன்.

4. அந்த வரிசையில் நடந்தது

பக்கத்து வீட்டு அங்கிளிடம் சத்தம் கேட்டதுண்டா என்று விசாரித்தேன். "ஓடுது லா, ஆறு மாசமா ஓடுது. எலின்னு விட்டுட்டேன்" என்றார் சாவகாசமாக. முன்னாடியே சொல்லக் கூடாதா என்று எரிந்து விழுந்தேன். "யாரு தம்பி கேட்டா?" என்றார். 

இடது பக்கம் இரண்டாவது வீடு பூட்டிக் கிடந்தது. ஏஜென்டிடம் சாவி வாங்கிப் பார்த்ததில் அதன் சீலிங்கில் தாயும் மூன்று குட்டிகளும். மூலையில் பழக்கொட்டை நிறைந்த எச்சக் குவியல். வலது கோடி வீட்டில் ஒரு மாமரம் கூரைமேல் சாய்ந்து, ஓரப் பலகை உளுத்துப்போயிருந்தது. அதுதான் வாசல்.

இங்கேதான் பல பேர் அவசரப்பட்டு ஓட்டையை அடைப்பார்கள். அடைக்கவே கூடாது. தாய் வெளியே மாட்டும், குட்டிகள் உள்ளேயே செத்து நாறும், தாய் கூரையைப் பிய்த்தெறியும். அதைச் சும்மா பிடித்துக்கொண்டு போய் வேறு எங்காவது விடவும் முடியாது, வனவிலங்கு இலாகா பெர்மிட் வேண்டும். மிஸியிடம் நிலைமையைச் சொன்னதும், "குட்டி இருக்கா? அப்ப அது நடமாடறது நடமாடட்டும், என்னன்னு தெரிஞ்சா எனக்குத் தூக்கம் வரும்" என்றார். குட்டிகள் தாயின் பின்னால் ஓடும் பருவம்வரை சில வாரம் காத்திருந்தோம். அப்புறம் கோடி வீட்டு ஓட்டையில் வெளியே மட்டும் திறக்கிற கம்பிக் கதவை மாட்டினேன். ஒரு வாரம் மாவில் புதுத் தடம் விழவில்லை. அதற்குப் பிறகுதான் பலகை மாற்றி, கம்பி வலை அடித்து, மாமரக் கிளையை வெட்டச் சொன்னேன்.

ஆபீசில் மட்டும் தடம் பார்த்த அந்த வெள்ளிக்கிழமையே தலைவலி. எங்கள் மேனேஜர் கணேசன் நல்ல மனுஷர்தான், ஆனால் கம்பெனி பேர் என்றால் உடம்பெல்லாம் பதறும். "புது ரிப்போர்ட் எழுதுங்க செல்வராஜூ, வேணாங்கல. பழசு தப்புன்னு எதுக்கு எழுதுறீங்க? அது புதுசா இப்பத்தான் வந்துச்சுன்னு போட்டா முடிஞ்சுது லா" என்றார். புதுசாக வந்தது என்று போட்டால், அதற்கு முந்தி அந்த அம்மா கேட்டது எல்லாம் பிரமை என்றே ஆகிவிடும். முடியாது என்றேன். 'என் முதல் சோதனை தவறு. விலங்கு அப்போதும் இருந்தது' என்று எழுதினேன். கணேசன் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். கம்பெனி முத்திரையை அவரே குத்திக் கொடுத்தார்.

5. சனிக்கிழமை

குமரனுக்கும் அதே வெள்ளிக்கிழமை படங்களை அனுப்பியிருந்தேன். பதிலே இல்லை. மறுநாள் சனிக்கிழமை காலை நான் மிஸி வீட்டில் காத்திருந்தேன்; அவர் கார் வந்து நின்றபோது பெட்டி ஏற்றத்தான் வந்திருக்கிறார் என்று பயந்தேன். இறங்கி நேராக என்னிடம் வந்து, "நானே பாக்கணும்" என்றார்.

ஏணியைப் பிடித்துக்கொண்டேன். மேலே போனவர் சீக்கிரம் இறங்கவில்லை. இறங்கியபோது சட்டையெல்லாம் மாவு, கண் சிவந்திருந்தது. நான் புது ரிப்போர்ட்டை நீட்டி, "உங்க மேல தப்பில்ல. நான் ஒன்னும் இல்லன்னு சொன்னத நம்பினீங்க" என்றேன்.

"நீங்க ஒரு தடவ சொன்னீங்க. அவங்க நூறு தடவ சொன்னாங்கண்ணே" என்றார்.

அங்கேயே நின்று இல்லத்துக்குப் போன் போட்டு, அம்மா வரவில்லை என்று சொன்னார். பிறகு அம்மா முன்னால் போய் நின்றார். மிஸி எழுந்து மகன் தலையிலிருந்த மாவைத் தட்டிவிட்டார்.

"அடுப்ப மறந்தது நெஜம்தான்யா. அது எனக்கே பயமாத்தான் இருக்கு. இன்னும் கொஞ்ச நாள்ல புத்தி நெஜமாவே தடுமாறலாம். நான் எத்தனையோ பேர பாத்திருக்கேன். அப்பவும் நான் ஏதாச்சும் சொன்னா, மொதல்ல மேல ஏறிப் பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணு. அது போதும் எனக்கு."

குமரன் தலையை ஆட்டினார். நானும்தான் ஆட்டினேன், என்னிடம் சொல்லாவிட்டாலும்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஏணி பிடிப்பதையும் வலை அடிப்பதையும் யார் வேண்டுமானாலும் காட்டிவிடலாம். நான் சொல்ல இருப்பது ஒன்றுதான். இப்போதும் யாராவது போன் செய்து, "வீட்ல வயசானவங்க மேல ஏதோ சத்தம்னு சொல்றாங்க, ஒன்னும் இருக்காது, சும்மா வந்து பாத்துட்டுப் போங்க" என்பார்கள். நான் அட்ரஸ்கூடக் கேட்பதில்லை. "அவங்ககிட்ட போனக் குடுங்க" என்கிறேன்.