நொம்ப ஸ்ட்ராங்குங்க

கல்லறைத் தோட்டத்துப் பாதை மழையில் பாசி பிடித்திருந்தது. பெட்டிக்கு முன்னால் நடந்த எங்கள் அலுவலகத்து டைப்பிஸ்ட் அக்கா திரும்பிப் பார்த்து, தூக்கி வந்தவர்களிடம், "பாத்து வாங்க சாமி, கல்லு வழுக்குது" என்றார். பெட்டிக்குள் இருந்தவர் அவருடைய கணவர். குழந்தைகள் இல்லாத வீட்டில் அக்காவுக்கு இருந்த ஒரே ஆள். "நொம்ப ஸ்ட்ராங்குங்க சார்" என்று என் காதருகே சொன்னார் எங்கள் அலுவலகத்துப் பழைய டிரைவர். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.

'ஸ்ட்ராங்' என்ற ஆங்கிலச் சொல்லை நாம் காபிக்குச் சொல்கிறோம், புதுச் சுவருக்குச் சொல்கிறோம், மேலிடத்துச் சிபாரிசுக்கும் சொல்கிறோம். மனிதருக்குச் சொல்லும்போது அதில் ஒரு நிர்வாக வசதி உண்டு. ஒருவரை ஸ்ட்ராங் என்று தீர்மானித்துவிட்டால் அவருக்காக மேல்நடவடிக்கை எதுவும் தேவையில்லை, ஃபைலை மூடிவிடலாம். நாங்கள் ஓய்வு பெறும்வரை அலுவலகத்தில் யார் விடுப்பில் போனாலும் அவர்கள் வேலை அக்காவின் மேசைக்குத்தான் போகும். விடுப்பு விதிகளை வரிவரியாக ஒப்பிக்கத் தெரிந்த நான்தான் அனுப்பிவைப்பேன்.

அக்காவின் ஏற்காட்டு மலையில் சாவு நடந்த வீட்டில் சில இரவுகளாவது நாலு பெண்கள் துணைக்குப் படுப்பது வழக்கம். அன்று அக்காவே எல்லாருக்கும் காபி கொடுத்து, "கடைசி பஸ் போயிருமுங்க, கெளம்புங்க" என்றார். கிளம்பிவிட்டோம். உள்ளூர்ப் பெண்களும் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். கொண்டை ஊசி வளைவுகள் முழுக்க அக்காவின் மனத்திடத்தைப் புகழ்ந்துகொண்டு வந்தோம். அடிவாரம் வந்தபோது பேச்சு பரோட்டாவுக்கு மாறியிருந்தது.

சேலத்தில் வீட்டுக்குள் நுழைந்ததும் என் மனைவி, "அங்க துணைக்கு யாரு படுத்திருக்கா?" என்று கேட்டாள்.

"அவங்க ஸ்ட்ராங்."

"நாளைக்கு எனக்கும் அதையே சொல்லிட்டுப் பஸ் ஏறிருவாங்களா?"

அதன்பின் அக்காவுக்குப் போன் செய்வதற்கே எனக்குக் கூச்சமாக இருந்தது. மழை, மூட்டுவலி என்று, பிறர் சொன்னால் நான் ஒப்புக்கொள்ளாத காரணங்களைச் சொல்லியே பல வாரம் ஓட்டினேன். போன வாரம் மனைவிதான் என்னை ஏற்காடு பஸ்ஸில் ஏற்றி, தானும் கூட வந்தாள்.

கதவைத் திறந்த அக்கா பாதியாக இளைத்திருந்தார். உள்ளே ரேடியோ ஓடியது. பகலிலும் விளக்கு எரிந்தது. "ஊடு அமைதியா இருந்தா தூக்கம் வர மாட்டேங்குதுங்க" என்றார். உட்கார்ந்ததும், நான் மன்னிப்பு மாதிரி எதையோ தொடங்கினேன். அவர் கேட்கவில்லை.

"அன்னைக்கு வந்த அத்தனை பேரும் ஸ்ட்ராங்கு, ஸ்ட்ராங்குன்னீங்க சார். பொறவு எப்படிங்க அழுவறது?"

புகார் தொனியே இல்லை. நடைமுறை தெரிந்தவன் என்று என்னிடம் விளக்கம் கேட்பது போலிருந்தது. மனைவி எழுந்து அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்று என்னை அனுப்பினாள்.

நான் வாசலுக்கு வந்த பிறகு அந்தச் சத்தம் தொடங்கியது. இத்தனை வருடம் அறிந்த அக்காவின் குரல் என்று என்னால் நம்ப முடியவில்லை. பக்கத்து வீட்டு அம்மா வேலியோரம் ஓடி வந்தார்.

"ஏனுங்க, அழுவறது அக்காங்களா? அவங்க நொம்ப ஸ்ட்ராங்காச்சே!"

அக்காவுக்குத் துணை வேண்டும் என்று சொன்னால் அவர் நம்பமாட்டார். நம்பும்படி ஒன்று சொன்னேன். "எம் பொண்டாட்டி உள்ள தனியாத் தவிக்கறா. கொஞ்சம் கூட இருங்கம்மா."

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே அவர் உள்ளே போனார்.