பொட்டு வைத்த பட்டைகள்

கோவில்பட்டிக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியின் சோதனைக்கூடத்தில் எனக்கு வேலை. கம்பி, தகடு, பிளாஸ்டிக் எது வந்தாலும் இயந்திரத்தின் இரண்டு தாடைகளுக்கு நடுவே கவ்வவைத்து, அறுந்துபோகும்வரை இழுப்பேன். எவ்வளவு பாரம் தாங்கியது என்று எழுதிக் கொடுப்பேன். தம்பிக்காகவும் ஒரு நாள் இழுத்தேன். அதைச் சொல்லத்தான் இத்தனை நாளாக வாய் வரவில்லை.

தம்பி ஹாக்கி ஆடுகிறவன். கயத்தாறு பக்கம் லாரி மோதி முழங்காலுக்குக் கீழே வலது கால் போயிற்று. மாணவர் புராஜெக்டில் மிஞ்சிய கார்பன் ஃபைபர் துணியை வைத்து அவனுக்கு ஓடுகிற கால் ஒன்று செய்து பார்ப்போம் என்றார் எங்கள் பேராசிரியர். முதலில் அதில் ஐந்து பட்டைகள் வார்த்தோம். அவை தாங்கினால்தான் கால். "நம்பர் வராம அவன் பாரத்த அதுமேல ஏத்த நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மிச்சத் துணி காலுக்கு மட்டும்தான் காணும்.

தாடையின் பற்கள் ஃபைபரைக் கடிக்காமல் இருக்க, பட்டையின் நுனிகளில் சின்னத் தகடுகளை ஒட்ட வேண்டும். ஒட்டுகிற இடத்தில் தூசு, எண்ணெய் எதுவும் கூடாது என்று மாணவர்களிடம் தொண்டை வறளக் கத்துகிறவளே நான்தான். ஒட்டுவதற்கு முந்தின நாள், ஆசை தாங்காமல், பட்டைகளை அம்மாவிடம் காட்டக் கொண்டுபோனேன். புது வண்டிக்கு வைப்பதுபோல ஒவ்வொரு நுனியிலும் சந்தனம் குழைத்துக் குங்குமம் வைத்து, சாமி படத்தடியில் அடுக்கிக் கும்பிட்டாள்.

"ஏட்டி, அழிச்சிராத. பிள்ளைக்கு ஆகாது."

மறுநாள் அசிட்டோனில் நனைத்த துணியைக் கையில் எடுத்தேன். துடைக்க மனசு வரவில்லை. நிஜமாகவே ஆகாமல் போய்விட்டால்? காய்ந்த பொட்டைச் சும்மா ஊதிவிட்டு அதன் மேலேயே ஒட்டினேன். படிச்சவன் பாட்டைக் கெடுத்தான் என்பது என்னைத்தான்.

இழுக்கிற அன்று தம்பி ஊன்றுகோலுடன் வந்து எதிரே உட்கார்ந்தான். திரையில் கோடு நேராக ஏறியது. பாதிகூட ஏறவில்லை, படக்கென்று ஒட்டு விட்டது. பட்டை வழுக்கி, பற்கள் ஃபைபரைக் கீறிவிட்டன. அப்போதே உண்மையைச் சொல்லியிருந்தால் மீதி நாலையும் பிரித்துத் துடைத்து மறுபடி ஒட்டியிருக்கலாம். வெட்கம் வாயைக் கட்டிவிட்டது. "பிடி லூசு சார், அடுத்ததப் போடுவோம்" என்றேன், பாவி. ஐந்தும் வழுக்கி, கீறுபட்டு வீணாயின.

"அறுந்திருந்தாக்கூட ஒரு நம்பர் கெடைச்சிருக்கும்மா" என்றார் பேராசிரியர். கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

தம்பி கீழே கிடந்த தகடு ஒன்றைக் குனிந்து எடுத்தான். அடிப்பக்கம் சிவப்பு. அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். சட்டை நுனியில் தேய்த்துத் தேய்த்து, சிவப்பு போனபிறகு என் கையில் கொடுத்தான்.

"அம்மாட்ட சொல்லிராதக்கா."

வீடு திரும்பியபோது அம்மா வாசலிலேயே நின்றாள். "ஏலே, தாங்கிச்சா?"

"மெஷின் கோளாறும்மா. பொறவு பாக்கலாம்னு சொல்லுதாவ" என்றான்.

அந்தப் பொறவு வரவே இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் அவன் ஊன்றுகோலுக்கு அம்மா பொட்டு வைக்கிறாள். அது காயும்வரை அவன் எங்கும் போகாமல் உட்கார்ந்திருக்கிறான்.