அத்தை ‘ட’ எழுதிய நாட்கள்

எட்டு வயதில் நான் வாத்தியாரம்மா. மாணவி ஒரே ஒருத்திதான், என் அத்தை. பிரிக்பீல்ட்ஸில் அப்பாவின் ரயில்வே வீட்டில் எங்களோடு இருந்துகொண்டு, பகலெல்லாம் செங்கல் சூளையில் கல் சுமந்தார். மாமாவுக்குக் கெமாஸ் பக்கம் தண்டவாள வேலை. அங்கே குடும்பம் வைத்துக்கொள்ள வீடு கிடையாது.

மாமாவுக்குக் கடிதம் போட வேண்டுமென்றால் தபாலாபீஸ் வாசலில் உட்கார்ந்து எழுதிக் கொடுக்கிற பெரியவரிடம் போக வேண்டும். அத்தை சொல்லச் சொல்ல எழுதிவிட்டு, நாலு பேர் காதில் விழும்படி உரக்கப் படித்தும் காட்டுவார். அதனால் இரண்டு வருஷமாக மாமாவுக்குப் போனது ‘நலம், நலமறிய ஆவல்’ மட்டும்தான்.

“அந்த ஆளுகிட்ட அதுக்கு மேல என்னத்தச் சொல்ல?” என்று அத்தை ஒருநாள் சிலேட்டோடு என் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

முதல் வாரம் பறந்தது. அப்புறம் பிடித்தது சனியன். சூளையிலிருந்து வந்தால் அவருக்கு விரல் மடங்காது, கண் சொருகும். ஆனாலும் விளக்கேற்றியதும் சிலேட்டை எடுப்பார், ஒரு ‘ட’ எழுதுவார், வைத்துவிடுவார். இரண்டே கோடு பாருங்கள், அதனால் ட. காய்ச்சலில் படுத்த அன்றும் ட. ஒரு மாதத்தில் பாதிக்கு மேல் ட. எனக்கு மானமே போயிற்று.

“இதுக்கு எழுதாமலே இருக்கலாம் அத்தை.”

“மனசு வராட்டிப் போகுது. ஒருநாள் சிலேட்ட எடுக்காம விட்டேன்னா, அப்புறம் எடுக்கவே மாட்டேன்டி.”

சோம்பேறி சொல்லும் சாக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

எப்படியோ தீபாவளிக்கு முன்னால் நாலு வரிக் கடிதம் தயாராயிற்று. பிழை பார்க்கிறேன் என்றேன், தரவில்லை. மேல்விலாசம் மட்டும் அப்பா எழுதினார். சொல்லிக்கொடுத்த எனக்கே காட்டவில்லையே என்று இரண்டு நாள் அத்தையோடு பேசவில்லை.

பத்தாம் நாள் மாமாவே வந்து நின்றார், கையில் அந்தக் கடிதம். அவருக்கும் படிக்கத் தெரியாது. வழக்கமாகக் கங்காணிதான் படித்துச் சொல்வாராம். இந்தத் தடவை கோணல்மாணலான எழுத்தைப் பார்த்ததும் இது யார் கை என்று தெரிந்துவிட்டது. ஒருவரிடமும் காட்டாமல், லீவு சொல்லிவிட்டு ரயிலேறியிருக்கிறார்.

“நீயே படிச்சுச் சொல்லு” என்று அத்தையிடம் நீட்டினார்.

இருவரும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மாணவி தடுமாறினால் எடுத்துக் கொடுக்க வேண்டுமே என்று நான் வெளியே காத்திருந்தேன். நாலே வரிக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. வாசிக்கிற சத்தத்தைவிடச் சிரிப்புச் சத்தம்தான் அதிகம் கேட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

“அத்தைக்கு எழுத்துக்கூட்டவே வரல. நான் போய்ச் சொல்லித் தரட்டுமா?” என்று அம்மாவிடம் போய்ப் புலம்பினேன்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“மெதுவாப் படிக்கட்டும் விடுடி.”