இஸ்திரிக்காரியின் ராத்திரி ஷிஃப்ட்

சொந்தக்காரர்கள் அக்காவைக் "கோர்ட்டுக்காரி" என்று சொல்லும்போதெல்லாம் அவள் தம்பி மெக்கானிக்குக்குப் பற்றிக்கொண்டு வரும். வருஷக்கணக்காக இந்த எரிச்சல் தீரவில்லை. எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் யாராவது ஒருத்தர் அந்தப் பேரைச் சொல்லிச் சிரிப்பார். எதற்காகப் படியேறினாள் என்று கேட்க ஒரு நாதி கிடையாது.

அக்கா சட்டைக் கம்பெனியில் இஸ்திரி போடுகிறவள். கல்யாணத்துக்கு முன்பே சேர்ந்த வேலை. நீராவியில் நின்று நின்று, அவள் முகம் எப்போதும் இப்போதுதான் கழுவியது மாதிரி இருக்கும். அங்கே மேசைக்கு இரண்டு பேர். ஒருத்தி தேய்ப்பாள்; எதிரில் நிற்பவள் சூடு ஆறுவதற்குள் மடித்துவிடுவாள். அக்காவுக்கு எதிரில் நின்றவளைக் கம்பெனியே 'ரேடியோ' என்று கூப்பிடும். வாயும் ஓயாது, கையும் ஓயாது.

மச்சான் அக்காவை விட்டுப் பிரிந்துபோய், மகளைத் தன்னிடம் கொடுக்கச் சொல்லி வழக்குப் போட்டார். வாய்தாவுக்குப் போக அக்கா லீவு கேட்டாள். சூப்பர்வைசருக்குப் பொறுக்கவில்லை, ராத்திரி ஷிஃப்ட்டில் தள்ளிவிட்டான். மச்சானின் வக்கீலுக்குக் கேட்கவா வேண்டும்? ராத்திரியில் பிள்ளையை யார் பார்ப்பது என்று அதையே பிடித்துக்கொண்டார். மகள் கைவிட்டுப் போகிற நிலைமை.

மெக்கானிக் ஸ்பேனரோடு கிளம்பினான். "அந்த சூப்பர்வைசரை ரெண்டு தட்டு தட்டிட்டு வரேன்."

"தட்டிட்டு நீ உள்ள போய் உக்காரு. எனக்கு ரெண்டாவது கேஸ் வேணும் பாரு," என்றாள் அக்கா. "அதைக் கீழ வெச்சிட்டு வண்டிய எடுடா."

தொழிலாளர் அலுவலகத்தில் அதிகாரியிடம் நேராகக் கேட்டாள்: "கேசுக்கு லீவு போட்டதுக்காக ஷிஃப்ட்ட மாத்தலாமாங்க?"

"தண்டனையா மாத்தக் கூடாதும்மா. ஆனா வேலைக்குத் தேவைப்பட்டுச்சுன்னு கம்பெனி சொல்லும். இல்லேன்னு சொல்ல சாட்சி உண்டா?"

சாட்சி சொல்கிறவளுக்கும் வேலை போகலாம். அதனால் அக்கா புகாரை மட்டும் எழுதிக் கொடுத்தாள்; சாட்சிக்கு வரச் சொல்லி ஒருத்தியிடமும் வாய் திறக்கவில்லை. ஆனால் அந்த அலுவலகத்தில் விசாரணை அன்று ரேடியோ தானாகவே வந்து நின்றாள்.

"தேய்க்கிறவ ராத்திரி, மடிக்கிறவ பகல். இதுவா சார் வேலைக்குத் தேவை? மாத்துனா ஜோடியாத்தான் மாத்துவாங்க. கோபத்துல அதைக்கூட மறந்துட்டாரு மனுஷன். பகல்ல நான் காத்தையா மடிக்கிறது?"

சூப்பர்வைசர் முறைத்தான். "உன் வேலைய யோசிச்சியா?"

"யோசிச்சேன் சார். பேசாம இருந்தாத்தான் எனக்கு ஒடம்புக்கு ஆகாது."

அதிகாரி சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அக்கா பகல் ஷிஃப்ட்டுக்குத் திரும்பினாள்.

அடுத்த வாய்தாவில் நீதிபதியம்மா கேட்டார்: "ராத்திரியில பிள்ளை எங்க இருக்கும்?"

"என் பக்கத்துலதாங்க தூங்குவா. தூக்கத்துல ஒதைப்பா."

மகள் அம்மாவிடமே இருக்கட்டும், ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவைப் பார்க்கட்டும் என்று தீர்ப்பானது. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த மெக்கானிக்குக்கு, எழுந்து நின்று "எங்க அக்கா!" என்று கத்த வேண்டும் போலிருந்தது. பக்கத்தில் இருந்தவர் தொடையில் ஒரு தட்டுத் தட்டியதோடு நிறுத்திக்கொண்டான்.

வெளியே வந்ததும் அக்கா அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

"ஞாயித்துக்கிழமை பிள்ளைய நீதான் கூட்டிட்டுப் போகணும்."

"நானா? அந்த ஆளு வீட்டுக்கா?"

"நான் போனா வாசல்லயே சண்டை ஆரம்பிச்சிடும். அவ அப்பாவைப் பாக்கச் சிரிச்சிட்டுப் போகணும்டா. ரோட்டுல நின்னு ஹார்ன் அடிக்காத. எறங்கிப் போயி, 'மச்சான்'னு வாய் நிறையக் கூப்பிட்டு, விட்டுட்டு வா."