நிக்காம பாத்துக்கச் சொன்ன வாட்ச்

வாட்ச் ரிப்பேருக்கு வருகிற யாரும் "கீழ போட்டுட்டேன்" என்று சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. எல்லா வாட்சும் "தானா நின்னுடுச்சு"தான். மிக்ஸி, ஃபேன், தையல் மிஷின் என்று எதையாவது பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என் சக பாவப்பட்டவர்களே, இந்நேரம் நீங்களும் தலையாட்டியிருப்பீர்கள். மூடியைத் திறந்தால் உள்ளே தண்ணீர் நிற்கும், டயலில் சாம்பார் வாசனை அடிக்கும், ஆனால் எதிரில் நிற்கிறவர் முகத்தில் ஒன்றும் தெரியாத பிள்ளையின் களை இருக்கும்.

நான் இந்த வேலைக்கு வந்ததே பில் போடத்தான். கடலூரில் ஒரு வாட்ச் கடையில் பில் எழுதச் சேர்ந்தேன். எழுத பில் இல்லாத நேரத்தில் திருகாணி பொறுக்கிக் கொடுத்தேன், பிறகு திருகாணி மாட்டினேன், கடைசியில் மேஜையையே பிடித்துக்கொண்டேன். 2004-ல் தனியாக மேஜை போட்டுவிட்டேன். வாரத்தில் இரண்டு நாள் சிதம்பரத்தில் கொழுந்தனாரின் ஃபேன்சி ஸ்டோரில் ஒரு மூலை. மற்ற நாளெல்லாம் கடலூர். செல் போட்டு ஓடும் வாட்சுகளை நான் அதிகம் தொடுவதில்லை, அதற்கு ஆள் நிறைய இருக்கிறார்கள். என்னிடம் வந்தவை சாவி கொடுக்கிற வாட்சுகளும், கை அசைகிற அசைவில் தானாகவே சாவி ஏறிக்கொள்ளும் ஆட்டோமேட்டிக் வாட்சுகளும்.

மெக்கானிக் எப்ப வருவாரு?

சிதம்பரத்தில் முதல் வருஷம் முழுக்க என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி இது ஒன்றுதான். கண்ணில் லென்ஸ் மாட்டியிருப்பேன், கையில் திருகாணி எடுக்கிற சாமணம் இருக்கும், எதிரில் ஒரு வாட்ச் குடலைக் காட்டிக்கொண்டு கிடக்கும். அதையெல்லாம் நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் கேட்பார்கள். ஆரம்பத்தில் "நான்தாங்க" என்றேன். உடனே, பக்கத்தில் ஒரு வேலை இருக்கிறது, முடித்துவிட்டு வருகிறேன் என்று நழுவிவிடுவார்கள். எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. "டீ குடிக்கப் போயிருக்காரு, வெச்சிட்டுப் போங்க" என்று சொல்ல ஆரம்பித்தேன். அதிலிருந்து வாட்சுகள் ஒழுங்காக வந்தன.

கீழவீதிப் பெரியவர் ஒருவர் அப்படி வைத்துவிட்டுப் போனார். வாங்க வந்த அன்றும் மெக்கானிக் டீ குடிக்கத்தான் போயிருந்தார். பெரியவர் வாட்சைக் காதில் வைத்துக் கேட்டார், கட்டிக்கொண்டார், திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டு என்னிடம் சொன்னார்: "வேல சுத்தமா பண்ணியிருக்காரும்மா, ஆனா மனுஷன் டீ குடிக்கிறத மட்டும் கொஞ்சம் கொறச்சிக்கணும்."

பீரோவில் வைத்துப் பூட்டியது

பரங்கிப்பேட்டையிலிருந்து ஷமீமா வந்தது அதற்கு அடுத்த வருஷம். சின்னப் பெண், இடுப்பில் கைக்குழந்தை. என்னைப் பார்த்ததும், "நல்லவேள, பொம்பளயா இருக்கீங்க" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கைக்குட்டையைப் பிரித்து ஒரு ஆட்டோமேட்டிக் வாட்சை மேஜைமேல் வைத்தாள். அவள் கணவர், மச்சான் என்றுதான் சொல்வாள், சவூதியில் சமையல் வேலை பார்க்கிறார். அங்கே முதல் சம்பளத்தில் வாங்கிய வாட்ச் அது. அடுப்படியில் கட்ட முடியவில்லை என்று, லீவு முடிந்து கிளம்பும்போது இவளிடம் கழற்றிக் கொடுத்து, "நான் வர்ற வரைக்கும் நிக்காம பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

அவர் சிரித்துக்கொண்டுதான் சொல்லியிருப்பார். இவள் அதை உயிரைக் கையில் கொடுத்த மாதிரி வாங்கி, பீரோவில் நகையோடு வைத்துப் பூட்டிவிட்டாள். இரண்டு மூன்று நாளில் வாட்ச் நின்றுவிட்டது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அங்கே அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று இங்கே இவளுக்குச் சோறு இறங்கவில்லை. திறந்து பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. "இது கையில கட்டினாத்தாம்மா ஓடும். கை ஆட ஆடத்தான் சாவி ஏறும். பீரோவுல வெச்சா நிக்காம என்ன பண்ணும்? நீயே கட்டிக்க" என்றேன். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. வந்த வேகத்தில் போயும் விட்டது. குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "ஆம்பள வாட்ச நான் கட்டிக்கிட்டு நின்னா எங்க மாமி சும்மா இருப்பாங்களாக்கா?"

பத்து நிமிஷம்

இது கடலூரில். மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து மஞ்சக்குப்பத்துக்கு ஆபீஸ் வருகிறவர் ஒருவர், சாவி கொடுக்கிற வாட்ச் ஒன்றைச் சர்வீசுக்குக் கொடுத்தார். பெட்ரோலில் கழுவி, எண்ணெய் விட்டு, சில நாள் மேஜையில் ஓடவிட்டு, வேகத்தைச் சரிபண்ணி, ரேடியோ நேரத்துக்கு வைத்துக் கொடுத்தேன். எங்கள் தொழிலில் சரியான நேரம் வைத்துக் கொடுப்பது இலையில் உப்பு வைப்பது மாதிரி, யாரும் கேட்க வேண்டியதில்லை.

மறுநாள் மனுஷன் வேர்த்து விறுவிறுத்து வந்து நிற்கிறார். பஸ்ஸைக் கோட்டை விட்டுவிட்டார். அவர் வாட்ச் எப்போதும் பத்து நிமிஷம் ஃபாஸ்ட்டாகத்தான் இருக்குமாம். அதைப் பார்த்து மனசுக்குள் பத்தைக் கழித்துக்கொள்வது அந்த வீட்டுப் பழக்கம். பெண்டாட்டி, பிள்ளைகள், பக்கத்து வீட்டுக்காரர் உட்பட எல்லோருக்கும் தெரியும். நான் திருத்திக் கொடுத்த வாட்சிலும் கை தவறாமல் பத்தைக் கழித்துவிட்டு, நிதானமாக இரண்டாவது காபி குடித்திருக்கிறார். அன்றிலிருந்து யாருக்கு வாட்சைத் திருப்பிக் கொடுத்தாலும், எத்தனை நிமிஷம் ஃபாஸ்ட்டாக வேண்டும் என்று கேட்டுவிட்டுத்தான் கொடுக்கிறேன். அவர் மட்டும் அன்றைக்கு என்னை மன்னிக்கவே இல்லை: "ரிப்பேரு பண்ணச் சொன்னேன், சரி; கரெக்ட் டைம யாரு மேடம் கேட்டது?"

தூளி

ஷமீமா திரும்ப வந்தாள். வாட்ச் ஒரு நாள் ஓடுகிறதாம், ஒரு நாள் நிற்கிறதாம். மறுபடி திறந்தேன், மறுபடியும் ஒரு குறையும் இல்லை. "கையிலதான கட்டியிருக்க?" என்றேன். தலையைக் குனிந்துகொண்டாள். துருவிக் கேட்டதில் உண்மை வந்தது. மாமியாருக்குப் பயந்து, வாட்சைக் குழந்தையின் தூளியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள். ஆடினால் ஓடும் என்று நான்தானே சொன்னேன். தூளியும் ஆடத்தானே செய்கிறது! குழந்தை சமர்த்தாகத் தூங்கிவிட்டால் தூளி நின்றுவிடும், வாட்சும் நின்றுவிடும். வாட்ச் நின்றுவிடக் கூடாதே என்று, தூங்குகிற பிள்ளையைப் போட்டு ஆட்டியிருக்கிறாள்.

எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. வீட்டு நம்பரை வாங்கி, கொழுந்தனார் கடை போனிலிருந்து அந்த மாமியாரிடம் நானே பேசினேன். "இது உங்க மகன் வாட்சுங்க. யாராவது கையில கட்டி ஓட்டலன்னா எண்ணெ ஒறஞ்சி வீணாப் போயிடும்" என்றேன். "அப்ப அவளே கட்டட்டும், வேற யாரு கட்டுறது?" என்று சொல்லிவிட்டார். செயினில் சில கண்ணிகளைக் கழற்றி, அவள் மணிக்கட்டுக்கு அளவாக்கிக் கட்டிவிட்டேன். கழற்றிய கண்ணிகளை ஒரு சின்னக் கவரில் போட்டு, மச்சான் வந்ததும் கொண்டு வா, திரும்ப மாட்டித் தருகிறேன் என்று கையில் கொடுத்தேன். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "புள்ளக்கிக் காச்சல் வந்து ராப்பகலா அழுதப்பதாங்க்கா இது ஒழுங்கா ஓடிச்சி."

மூக்கில் நின்ற முள்

டயலை மாற்றுவது, முள்ளுக்கு வேறு வண்ணம் கொடுப்பது, தங்க முலாம் போட்ட கூட்டுக்கு மாற்றுவது எல்லாம் எனக்குப் பிடித்த வேலைகள்தான். காடாம்புலியூரில் முந்திரி வியாபாரம் பார்க்கிற ஒரு புது மாப்பிள்ளை, மனைவியின் போட்டோவை டயலில் ஒட்டித் தரச் சொன்னார். நடுவில் முள் வருகிற இடத்தில் துளை போட வேண்டும் என்றதும் பதறிவிட்டார். அதனால் முகத்தை மேலே தள்ளி, துளை கழுத்துச் சங்கிலியில் விழுகிற மாதிரி வெட்டி ஒட்டினேன். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

மழைக்காலம் வந்தது. ஈரத்தில் போட்டோத் தாள் உப்பிக்கொண்டது, அதுவும் சரியாக மூக்கில். மணி முள் தினமும் பன்னிரண்டு மணிக்கு வந்து அந்த மூக்கில் முட்டி நின்றுவிடும். மத்தியானச் சாப்பாடும் இல்லை, ராத்திரிப் படுக்கையும் இல்லை என்று புலம்பிக்கொண்டு அவர் வந்தபோது, போட்டோவில் இருந்தவரும் கூடவே வந்திருந்தார். தாளை எடுத்துவிடுகிறேன் என்றேன். அந்தப் பெண் என்னைத் தடுத்துவிட்டுக் கணவரைப் பார்த்துச் சொன்னார்: "என் மொகத்தத் தாண்டிப் போவ மாட்டேன்னு அந்த முள்ளு நிக்குதுல்ல, இவுரு ஒரு நாளாவது நின்னுருக்காரான்னு கேளுங்க."

வெள்ளிக்கிழமை போன்

ஷமீமா கையில் வாட்ச் நிற்காமல் ஓடியது. இப்போது வேறு தொல்லை, தலைதெறிக்க ஓடியது. நான் சரிபண்ணிக் கொடுப்பேன்; சில நாள் நன்றாக இருக்கும்; வெள்ளிக்கிழமை தாண்டினால் மறுபடி நிமிஷக்கணக்கில் ஃபாஸ்ட். "வெள்ளிக்கெழம என்னதான் பண்ற?" என்று கேட்டதும் அவளுக்கு வெட்கம் வந்துவிட்டது. அன்றைக்குத்தான் மச்சானுக்கு லீவு, அன்றைக்குத்தான் போன் வரும். அவர் கேட்கிற முதல் கேள்வி, "வாட்சு ஓடுதா?" இவள் வாயால் சொன்னால் போதாதாம். ரிசீவரை வாட்சின் மேல் வைத்து டிக் டிக் சத்தத்தைக் கேட்க வைப்பாளாம். எந்தப் பக்கம் வைத்தால் கேட்கும் என்று தெரியாததால், வாய்ப்பக்கத்தையும் வைப்பாள், காதுப்பக்கத்தையும் வைப்பாள்.

ரிசீவரின் காதுப்பக்கத்தில் ஒரு சின்னக் காந்தம் உண்டு. வாட்சுக்குள் தலைமுடிபோல ஒரு சுருள் இருக்கிறது. காந்தம் ஏறினால் அதன் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வாட்ச் கண்மண் தெரியாமல் ஓடும். காந்தத்தை இறக்கினேன். பிறகு வேகத்தை வைத்தேன். வாட்ச் படுத்திருந்தால் ஒரு வேகம், சாய்ந்திருந்தால் ஒரு வேகம். அதனால் ஷமீமா எந்தக் கையால் துணி பிழிகிறாள், எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கிறாள், தூங்கும்போது பிள்ளையின் தலைக்கடியில் எந்தக் கை இருக்கும் என்று எல்லாம் கேட்டு, அதற்கேற்ப உள்ளே வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற சின்ன நெம்புகோலை ஒவ்வொரு தடவையும் ஒரு மயிரிழை தள்ளினேன். கடைசியில் ரேடியோவோடு ஒட்டிப்போனது. எனக்கு இன்றைக்கும் அந்த வேலையில் பெருமைதான். இனிமேல் வாட்சிடம் போனைக் கொண்டு போகாதே, ரொம்ப ஆசையாக இருந்தால் வாய்ப்பக்கத்தை மட்டும் காட்டு என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "சரிக்கா, வாய்ப்பக்கம் வாட்சுக்கு, காதுப்பக்கம் எனக்கு."

லீவில் வந்தவர்

சில வருஷம் கழித்து மச்சான் வந்தார். தூளியில் ஆடிய பிள்ளை அவர் தோளில் உட்கார்ந்திருந்தது. ஷமீமா அந்தக் கவரைப் பத்திரமாக வைத்திருந்து கொண்டுவந்தாள். கண்ணிகளை மாட்டி, வாட்சை அவர் கையில் கட்டிவிட்டேன். "ஒரு நாள்கூட நிக்கலங்க" என்று கடையில் நின்றவர்களிடமெல்லாம் காட்டினார். தூளிக் கதையை நானும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்து இருவரும் திரும்ப வந்தார்கள். அவர் முகம் செத்துப்போயிருந்தது. "நான் கட்டினா நின்னுபோவுதுங்க. அவ கட்டினா ஓடுது. எனக்கு என்னமோ பயமா இருக்கு" என்றார். திறந்து பார்த்தேன், வழக்கம்போல ஒரு குறையும் இல்லை. வீட்டில் என்ன செய்கிறீர்கள் என்று விசாரித்தேன். ஒன்றும் செய்வதில்லை. அத்தனை வருஷம் அடுப்பின் முன்னால் நின்ற மனுஷனை ஒரு செம்பு தண்ணீர்கூட எடுக்க விடுவதில்லை ஷமீமா. பாயில் சாய்ந்திருப்பார், பிள்ளை மேலே ஏறி விளையாடும், அம்மா ஊட்டாத குறையாகச் சோறு போடுவார். அந்தக் கை அசையவே இல்லை என்றால் சாவி எங்கிருந்து ஏறும்? "வாட்சுக்கு ஒண்ணுமில்ல, நீங்க கொஞ்சம் நடங்க, வேல செய்ங்க, ஓடும்" என்றேன். அவருக்கு உயிர் வந்தது. காலையில் கடற்கரை வரைக்கும் நடக்கிறேன், தண்ணீர் தூக்குகிறேன் என்று ஆரம்பித்தார். ஒரு காலத்தில் இதே வாட்ச் நின்றதற்குச் சோறு இறங்காமல் வந்தவள், மேஜையிலிருந்து அதை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு சொன்னாள்: "நிக்கட்டும்க்கா. அது ஓடுனப்பல்லாம் இவங்க இல்ல. இவங்க இருக்கிற வரைக்கும் அது நிக்கட்டும்."

லீவு முடிந்து அவர் விமானம் ஏறிய மறுநாள் ஷமீமா வந்தாள், கண்ணிகளைக் கழற்றிக் கட்டிவிட்டேன், அவள் கண்ணைத் துடைத்த அசைவிலேயே வாட்ச் ஓட ஆரம்பித்தது. ஓடுகிற வாட்சைப் பார்த்து முகம் தொங்கிப்போன மெக்கானிக் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.