கம்பெனி லேப்டாப்

சாயங்கால ரயிலில் எதிரே தொழிற்சாலைச் சீருடையில் ஒருவர். மடியிலிருந்த பையின் ஜிப்பை அடிக்கடி திறந்து, உள்ளே பார்த்துச் சிரித்து மூடுவார். எட்டிப் பார்த்தேன்: கேமிங் லேப்டாப். அதே மாதிரி ஒன்றை, உச்ச ரக கிராஃபிக்ஸ் சிப்போடு, மனைவிக்குத் தெரியாமல் வாங்கத்தான் கும்மிடிப்பூண்டியில் ஏறியிருந்தேன்.

“அந்தப் பெரிய சிப்பு வொர்த்தாண்ணே?” என்றேன்.

“சூப்பரா கீதுன்றாங்க நைனா.”

“நீங்க ஆடிப் பாக்கலியா?”

“எங்க? ஊட்ல கம்பெனி லேப்டாப்னு சொல்லி வெச்சிக்கீறேன். அதுல கேம் ஆடுனா மாட்டிக்குவேன். கம்பெனில ஆடவுட மாட்டான். தெனம் தூக்கினு போறேன், தூக்கினு வரேன்.”

“எவ்ளோ நாளா?”

“ரெண்டு வருசமாவுது.”

பொன்னேரியில் இறங்கி, வந்த வழியே திரும்பிவிட்டேன். என் பயம் எனக்குப் புரிகிறது. அவர் முகத்திலிருந்த நிம்மதிதான் இன்றுவரை விளங்கவில்லை.