உறைகளைச் சோதித்தவர்

டார்ம்ஸ்டாட் ரயில் நிலையத்தின் முன் ட்ராமுக்காக நின்றிருந்தபோது சிவமலர் அக்காவின் மகளிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது: "அம்மா காலமை போயிட்டா. வியாழக்கிழமை செத்தவீடு." வந்த ட்ராமில் ஏறினேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்து, மறுபடி வேறொன்றில் ஏறினேன். அன்று அலுவலகத்தில் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார முடியவில்லை. அவரை அறிந்த உங்களில் பலர் அழுதிருப்பீர்கள். எனக்கு அழுகை வரவில்லை. செய்து தருகிறேன் என்று அவரிடம் சொன்ன ஒரு வேலை செய்யாமலே கிடந்தது.

தமிழ்ப் பள்ளி விழாவில் ரோல்ஸ் பொரித்துக்கொண்டு, மேடையில் பேசுபவரை விடச் சத்தமாகப் பேசிய அக்காவைத்தான் உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தவர், நாங்கள் இருவரும் வேலை செய்த பிளாஸ்டிக் தொழிற்சாலையின் கடைசிப் பரிசோதனை மேசையில் நின்றவர். நான் கரூர்ப் பக்கம். தறி ஓட்டும் அப்பாவின் மகள், எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி. இங்கே மேற்படிப்பு முடித்து அதே கையோடு வேலைக்குச் சேர்ந்தேன். குரல் எழும்பாது. முதல் தடவை அவர் மேசையருகே போய் ஏதோ முணுமுணுத்தேன்.

"பிள்ளை, மெஷின் சத்தத்துக்கு மேலால கதையும். என்ன வேணும்?"

"சாம்பிள் எடுக்க வந்தேன்க்கா."

"சாம்பிளோ? நான் நினைச்சன், பாவமன்னிப்புக் கேக்க வந்தனீர் எண்டு."

கூடம் முழுக்க ஜெர்மன்காரர்கள். அவர் சொன்னது எனக்கு மட்டுமே புரிந்தது. சேர்ந்த நாளிலிருந்து அன்றுதான் முதன்முறையாகச் சிரித்தேன்.

உலகக் கோப்பைக் கால்பந்து இங்கே நடந்த கோடை அது. கார்களில் எல்லாம் கொடி பறந்தது. குறிபார்த்துச் சுடும் கழகங்களுக்குப் பொருள் விற்கும் ஒரு வியாபாரி எங்களிடம் ரெயில் உறை கேட்டிருந்தார். சில துப்பாக்கிகளின் முன்பிடியில், அதாவது சுடுபவர் இடது கையால் தாங்கும் பகுதியில், விளக்கோ வேறு கருவியோ மாட்டுவதற்காகப் பல் பல்லாக உலோகத் தண்டவாளம் ஓடும். அதைத்தான் ரெயில் என்கிறார்கள். அந்தப் பல் உள்ளங்கையைக் கிழிக்கும். தொடர்ந்து சுட்டால் சூடும் ஏறும். அதன்மேல் போடும் பிளாஸ்டிக் மூடிதான் உறை. மூன்று மாதிரிகளில் ஒன்றை நான் தேர்ந்தெடுத்து அறிக்கை எழுத வேண்டும். எனக்கு அப்போது தகுதிகாண் காலம். வேலை நிரந்தரமானால்தான் விசா நீளும்.

முதலாவது, பல்லிடுக்குகளில் அழுத்திப் பொருத்தும் மெல்லிய ரப்பர் உறை. இரண்டாவது, துண்டு துண்டாக மாட்டும் தகடு. மூன்றாவது, முனையிலிருந்து தள்ளிப் பூட்டும் கெட்டியான நைலான். அது கனமாகவும் பார்க்க மொத்தையாகவும் இருந்தது. சூட்டு அடுப்பில் வைத்துப் பார்த்தேன், இழுவைக் கருவியில் இழுத்துப் பார்த்தேன். எண்கள் ரப்பரையே காட்டின. ரப்பர் என்று எழுதிவிட்டு, அக்காவிடம் சொல்லப் போனேன்.

"சுடுகிற ஆளுக்குக் கை சுடக் கூடாதாம், பாத்தீரே கவனிப்பை!" என்று சிரித்தவர், ரப்பர் என்றதும் சிரிப்பை நிறுத்தினார். "அது சரிவராது பிள்ளை. காலமை இருக்கும், பின்னேரம் கழரும்."

பின்னேர வெயில் விழுந்த மேசையிலிருந்து துப்பாக்கி மாதிரியை எடுத்தார். அது அளவு பார்ப்பதற்கான வெறும் கூடு. உள்ளே ஒன்றும் இல்லை. இடது கையால் முன்பிடியைத் தாங்கிப் பின்னுக்கு ஒரு இழுப்பு இழுத்தார். ரப்பரின் நுனி கடைசிப் பல்லிலிருந்து எழும்பி, உலோகம் தெரிந்தது. அவர் பிடித்த அதே இடத்தைப் பிடித்து நானும் இழுத்தேன். அதேபோல் கழன்றது. என் எண்கள் எல்லாம் வீண். ஆனால் என் கண் உறையில் இல்லை, அவர் கையில் இருந்தது. எவ்வளவு இயல்பாக அதைப் பிடித்தார், துப்பாக்கி பழகிய கை என்று நினைத்தேன். அப்படி நினைத்ததை ஒப்புக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

அறிக்கையைத் திருத்தி நைலானைப் பரிந்துரைத்தேன். "சோதித்தவர்" என்ற இடத்தில் அக்காவின் பெயரைப் போட்டேன். பிரிவுத் தலைவர் படித்துவிட்டுப் புன்னகைத்தார். கெட்ட மனிதர் இல்லை. "ஓ, அவருக்குத் தெரியாதா பின்னே, சண்டை நடக்கும் அந்த நாட்டிலிருந்து வந்தவராயிற்றே" என்றார்.

நான் தலையாட்டிவிட்டு அறிக்கையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அக்கா குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டிருந்தார், நேரில் வரச் சொல்லி நாளும் குறித்திருந்தார்கள். "அடுத்த கிழமை டெர்மின் இருக்கு, கும்பிட்டுக்கொள்ளும்" என்று என்னிடம் சொல்லியிருந்தார். அவருக்குத் துப்பாக்கிப் பழக்கம் உண்டு என்ற இந்தப் பேச்சு இங்கிருந்து அங்கே போனால் என்னாகும்? யாராவது கேள்வி கேட்டால்? என் மேசைக்குத் திரும்பி அவர் பெயரை அழித்துவிட்டு என் பெயரைப் போட்டேன். அவரைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தேன்.

இரண்டு வாரம் கழித்துப் பிரிவுத் தலைவர் கூடத்தின் நடுவில் எல்லோர் முன்னாலும் என் கையைக் குலுக்கினார். ரப்பர் கழல்வதைக் கண்டுபிடித்த இளம் பொறியாளர் என்றார். கைதட்டினார்கள். அக்கா கைதட்டவில்லை. இடைவேளையில் தேநீர் இயந்திரத்தின் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்ர பேர் எங்க?"

எனக்குத் தெரிந்த காரணத்தை எல்லாம் சொன்னேன். டெர்மின், அந்தப் பேச்சு, வம்பு. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நீர் பயந்தது எனக்காகவோ, என்னைப் பாத்தோ?"

அவர் என்னை மேசைக்குக் கூட்டிப்போய் ஓர் அட்டைப்பெட்டியின் மூடியைத் திருப்பிக் காட்டினார். ரப்பர் கழன்ற தடவைகளைப் பேனாவால் கோடு கோடாகப் போட்டிருந்தது, காலைக்கு ஒரு பக்கம், பின்னேரத்துக்கு ஒரு பக்கம். கண்ணாடி நார் கலந்த நைலான் கையை அரிக்கும் என்பதால் மேசைப் பெண்கள் எல்லோரும் கிரீம் பூசியிருப்பார்கள். மேற்கு ஜன்னல் வெயிலில் பின்னேரம் அந்த ரெயில் கொதிக்கும். கிரீம் ஈரமும் சூடும் ஒன்றாகச் சேரும்போதுதான் ரப்பர் கழன்றது. நான் இரண்டையும் தனித்தனியாகத்தான் சோதித்திருந்தேன். அவர் துப்பாக்கி மாதிரியைப் பிடித்த அந்த இயல்பு, நாளுக்கு நூறு தடவை அதைத் தூக்கி வைத்ததால் வந்தது.

"துவக்கைத் தூரத்தில கண்டாலே வேலிக்குள்ளால ஓடின ஆள் நான். அவன் வெள்ளைக்காரன், அவனுக்குத் தெரியாது. நீருமோ?"

"பேரைத் திருப்பிப் போட்டுத் தர்றேன்க்கா. இந்த வாரமே."

"போடும். போட்டு எனக்கொரு கொப்பி தாரும். பிள்ளையளுக்குக் காட்ட வேணும்."

அனுப்பிய அறிக்கையைத் திருத்த வேண்டுமானால் பிரிவுத் தலைவரிடம் போய், கைதட்டல் என்னுடையதல்ல என்று சொல்ல வேண்டும். தகுதிகாண் காலம் முடியட்டும் என்று இருந்தேன். முடிந்தது. விசா வரட்டும் என்றேன். வந்தது. அக்காவுக்குக் குடியுரிமையும் கிடைத்தது. கூடம் முழுவதற்கும் பயத்தம் பணியாரம் கொண்டுவந்தார். எனக்கும் தந்தார். அவருடைய பகிடி, அந்தக் கேலிப் பேச்சு, குறையவில்லை. ஆனால் அதற்குப் பின்னான வருடங்களில் அறிக்கையைப் பற்றி அவர் மறுபடி கேட்கவே இல்லை. அதுதான் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

போன மாசியில் அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை போனேன். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். கட்டிலருகே முணுமுணுப்புத்தான் வந்தது. "என்ன பிள்ளை, இஞ்சயும் மெஷின் சத்தமே? ஒண்டும் கேக்குதில்லை" என்றார். தோடம்பழம் உரித்துக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

செத்தவீட்டில் அவர் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "கரூர்ப் பிள்ளை ஒரு கொப்பி தரும், அதில அம்மான்ர பேர் இருக்கும் எண்டு சொல்லுவா. அது என்ன கொப்பி அக்கா?"

மறுநாள் காலை பிரிவுத் தலைவர் வருவதற்கு முன்பே அவர் கதவருகே நின்றேன். நடந்ததைச் சொன்னேன், அவர் அன்று சொன்ன வாக்கியம் உட்பட. அவர் முகம் சிவந்தது. அது பழைய அறிக்கை, இனி யாரும் திறக்க மாட்டார்கள் என்றார். அக்காவின் மகள் திறப்பார் என்றேன். என் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று அவரும் எதிர்பார்க்கவில்லை, நானும்தான்.

திருத்தத்துக்கான காரணம் என்ற கட்டத்தில் "சோதித்தவரின் பெயர் விடுபட்டிருந்தது" என்று முதலில் எழுதினேன். அது உண்மையில்லை. அழித்துவிட்டு, "சோதித்தவரின் பெயரை நான் நீக்கியிருந்தேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிரதியை மகளிடம் கொடுத்தாயிற்று. ஆனாலும் நிம்மதி வரவில்லை. வர வேண்டியதுமில்லை.

சிவமலர் அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு வழக்கம். எந்த அறிக்கையையும் அனுப்பும் முன் கூடத்துக்குப் போகிறேன். பிழையைக் கண்டவரிடம் அவர் பெயர் நிற்கும் இடத்தைக் காட்டி, "இது இருக்கலாமா?" என்று கேட்கிறேன். சிலர் வேண்டாம் என்கிறார்கள். அது அவர்கள் சொல்ல வேண்டியது. அன்று பெயரை அழித்தபோது என் மேசைக்கும் பரிசோதனை மேசைக்கும் நடுவில் இருபது அடிகூட இருக்காது. நடந்து போய் நான் கேட்டிருக்கலாம்.